கேட்டால்தான் சொல்வார்கள்

அன்புள்ள தங்கைக்கு,

வரிக் கணக்கு அலுவலகத்தில் உனக்கு வேலை கிடைத்திருக்கிறது என்று கேட்டதுமே வாழ்த்துச் சொன்னேன். இப்போது அந்த வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். உன் பெயரைப் போடாமல்தான் எழுதுகிறேன். இந்த ஆண்டு பினாங்கு ஜார்ஜ்டவுனில் உன்னைப் போலவே புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும்.

பிப்ரவரி கடைசிக்குள் முதலாளிகள் ஆண்டுச் சம்பள விவரம் அடங்கிய இஏ பாரத்தைக் கொடுத்துவிடுவார்கள். மார்ச் 1 அன்று மின்னியல் தாக்கல் திறக்கும். சம்பளக்காரர்களுக்கு ஏப்ரல் 30 கெடு, மின்னியல் வழியாக அனுப்பினால் மே 15 வரை தவணை. அந்த இரண்டரை மாதமும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை டெக்னிஷியனும், மார்க்கெட் ஸ்ட்ரீட் கடைக் கணக்குப்பிள்ளையும், தமிழ்ப்பள்ளி ஆசிரியையும் உன் மேசைக்கு வருவார்கள். இஏ பாரம், இன்சூரன்ஸ் கடிதம், பிள்ளையின் படிப்புச் செலவு ரசீது எல்லாவற்றையும் எடுத்து வைப்பார்கள். "எவ்வளவு திரும்பக் கிடைக்கும்?" என்று கேட்பார்கள். "அப்பாவுக்குக் காலை எடுத்துட்டாங்க" என்று மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள். வரிக்கும் அப்பாவின் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர்களுக்குத் தோன்றும். சம்பந்தம் இருப்பது உனக்குத் தெரியும். அதனால் கேட்க வேண்டியவள் நீதான்.

நம் வீடுகளில் நோய்க்குக் குறைவில்லை. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியாவில் வயதுவந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் (நீரிழிவு) இருக்கிறது. ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர். இந்தியர்களிடையே மற்ற இனத்தவரைவிட அதிகம் என்பது ஆய்வுக்கு ஆய்வு உறுதியாகிக்கொண்டே வருகிறது. முற்றிய இனிப்புநீர் கண்ணுக்குப் போகும், சிறுநீரகத்துக்குப் போகும், காலுக்குப் போகும். ஜாலான் ரெசிடென்சி பொது மருத்துவமனைக் கிளினிக்கில் ஒரு காலைப் பொழுது உட்கார்ந்து பார், நான் சொல்வது விளங்கும். உன்னிடம் வருகிறவர்களில் பலருடைய வீட்டில் சக்கர நாற்காலியோ காது கேட்கும் கருவியோ டயாலிசிஸ் அட்டவணையோ இருக்கும். அந்தச் செலவு வரிக் கணக்கில் ஏறாமலே ஆண்டுகள் போய்க்கொண்டிருக்கும்.

சட்டத்தை நீ படித்திருப்பாய். 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 46ஆம் பிரிவு. ஆனாலும் நோயாளியின் பக்கத்திலிருந்து அதை ஒருமுறை பார். அடிப்படை உதவிச் சாதனங்களுக்கு ஆண்டுக்கு 6,000 வெள்ளி (ரிங்கிட்) வரை கழிக்கலாம். வரி கட்டுபவருக்கோ, கணவன் மனைவிக்கோ, பிள்ளைக்கோ, பெற்றோருக்கோ வாங்கியதாக இருக்கலாம். சக்கர நாற்காலி, செயற்கைக் கால், காது கேட்கும் கருவி, டயாலிசிஸ் இயந்திரம் ஆகியவற்றை வரி வாரியமே எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. மூக்குக் கண்ணாடியும் லென்சும் கிடையாது என்றும் சொல்லிவிடுகிறது. இதில் ஒரு நிபந்தனை உண்டு: சாதனத்தைப் பயன்படுத்துகிறவர் உடற்குறையுள்ளவர் என்று சமூகநல இலாகா எழுத்தில் சான்று தந்திருக்க வேண்டும். நம்மவர் வாய்ப்பேச்சில் ஓகேயூ கார்டு.

பெரும்பாலான கழிவுகள் தவறிப்போவது இந்த இடத்தில்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். செவி, பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனநலம், பலவகை என்று இலாகாவின் பதிவில் ஏழு வகைகள் இருக்கின்றன. இனிப்புநீர் அந்த ஏழில் இல்லை. சிறுநீரகம் பழுதானது மட்டும் என்றாலும் நேராக எதிலும் அடங்காது. டயாலிசிஸ் இயந்திரம் சாதனப் பட்டியலில் இருக்கிறது, டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கோ வேறு குறை இல்லாவிட்டால் கார்டு கிடைப்பதில்லை! படிக்கிற எவருக்கும் குழப்பம் வரும். அந்த நோயாளியின் சிகிச்சைச் செலவைக் கடும் நோய்ச் சிகிச்சைக்கான பிரிவில் கொண்டுபோய் வை. வரி கட்டுபவர், கணவன் மனைவி, பிள்ளை ஆகியோருக்கு 2023 முதல் அதன் உச்சவரம்பு 10,000 வெள்ளி. நோயாளி தாயோ தந்தையோ என்றால் பெற்றோர் மருத்துவச் செலவுக்கு 8,000 வெள்ளி வரை தனிப் பிரிவு இருக்கிறது.

ஆனால் இனிப்புநீரால் காலை இழந்தவர் உடல் வகையில் வருவார். பக்கவாதத்தில் கை விழுந்தவரும் வரலாம். காது மந்தமான பாட்டி செவி வகையில் வரலாம். மருத்துவர் பார்த்துப் பாரத்தில் எழுத வேண்டும், அவ்வளவுதான். இவர்களில் எத்தனையோ பேர் பதிந்துகொள்வதே இல்லை. "எங்கப்பா ஊனம் இல்லே, சீக்குதான்" என்பார்கள். அந்தப் பேச்சில் கூச்சமும் இருக்கும், அப்பாவின் மானத்தைக் காக்கிற பாசமும் இருக்கும். இரண்டையும் மதி. வாதாடாதே. கார்டு என்பது அரசாங்கத்தின் பதிவு, அப்பாவைப் பற்றிய தீர்ப்பு இல்லை என்று நிதானமாகச் சொல். ஜார்ஜ்டவுன்காரர்கள் தீமோர் லாவுட் மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் பதியலாம், இணையத்திலும் பதியலாம். தேவையான பாரத்தை நீயே அச்செடுத்துக் கொடு. அடுத்த ஆண்டு வரும்போது மறக்காமல் மறுபடி கேள்.

பதிவு வரி கட்டுபவரின் பெயரிலேயே இருந்தால் சாதனத்தோடு நிற்காது. 2025 மதிப்பீட்டு ஆண்டு முதல் அவருக்குக் கூடுதலாக 7,000 வெள்ளி கழியும். பதிந்திருப்பவர் கணவன் அல்லது மனைவி என்றால் 6,000, பிள்ளை என்றால் 8,000. இவை சாதனத்துக்கான 6,000க்கு மேலே வருபவை. ரசீது எதுவும் வேண்டாம், பதிவு போதும்.

கணக்குப் போட்டே காட்டு. "கழிவு" என்றதும் அவ்வளவு பணமும் கைக்கு வரும் என்று நினைப்பவர்கள் உண்டு. வரிக்குரிய வருமானம் 60,000 வெள்ளி உள்ள ஒருவர் 6,000 வெள்ளிக்குக் காது கேட்கும் கருவி வாங்குகிறார் என்று வை. அவருடைய வருமானப் படிக்கு வரி விகிதம் 11 விழுக்காடு, எனவே 660 வெள்ளி மிச்சம். அவரே பதிந்தவராக இருந்து 7,000மும் சேர்ந்தால் மிச்சம் 1,280 வெள்ளி. வருமானம் குறைந்தவருக்குத்தான் சில சமயம் ஆச்சரியம் காத்திருக்கும். வரிக்குரிய வருமானம் 38,000 வெள்ளி இருப்பவருக்கு வரி 780. அவர் பதிவுள்ள தன் தாய்க்கு 3,200 வெள்ளியில் சக்கர நாற்காலி வாங்கியிருந்தால் வருமானம் 34,800க்கு இறங்கும். 35,000க்குக் கீழே வந்துவிட்டதால் 400 வெள்ளித் தள்ளுபடியும் சேரும். கட்ட வேண்டியது 194 வெள்ளிதான். மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு 586 வெள்ளி சின்னத் தொகை இல்லை. 35,000 என்ற அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே நிற்பவர்களின் கோப்புகளை இரண்டு தரம் பார்.

கேட்கிற காலமும் முக்கியம். ஏப்ரலில் கேட்டால் போன ஆண்டின் கதையைத்தான் கேட்கிறாய். அதில் மாற்றக்கூடியது எதுவும் இராது. நவம்பரில் ஒரு தொலைபேசி அழைப்பு போதும்: வீட்டில் யாருக்காவது நாற்காலி, கருவி, செயற்கைக் கால் வாங்கப்போகிறீர்களா, பதிவு இருக்கிறதா, யார் பணம் கட்டப்போகிறார்கள்? சான்று முதலில், சாமான் பிறகு என்ற வரிசையில் போனால் பின்னால் வாக்குவாதம் வராது. பணம் கட்டுபவர் பெயரிலேயே ரசீது இருக்க வேண்டும். அண்ணன் தம்பி மூன்று பேர் சேர்ந்து அம்மாவுக்கு வாங்குவது நம் குடும்பங்களில் வழக்கம், ரசீதோ கடைக்குப் போன கடைசித் தம்பியின் பெயரில் இருக்கும். வாங்குவதற்கு முன்பே யார் எவ்வளவு கட்டுகிறார்கள் என்று முடிவுசெய்து, அதன்படியே கட்டச் சொல். வாங்கிய பிறகு பெயரை மாற்றித் தரச் சொல்லிக் கடைக்காரரிடம் போகும் ஆலோசனையை எந்நாளும் சொல்லாதே.

இனிப்புநீரோடும் ரத்த அழுத்தத்தோடும் நடமாடிக்கொண்டிருப்பவர்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்பாய். கொஞ்சம்தான் இருக்கிறது. கடும் நோய்ப் பட்டியலில் புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு, பார்க்கின்சன், எய்ட்ஸ், மாரடைப்பு போன்றவை உண்டு. இனிப்புநீர் அதில் இல்லை. 2025 மதிப்பீட்டு ஆண்டு முதல், வீட்டில் வைத்துப் பார்க்கும் சர்க்கரை அளவு மானி, ரத்த அழுத்த மானி போன்ற சாதனங்களை மருத்துவப் பரிசோதனைக்கான 1,000 வெள்ளியில் சேர்த்துக்கொள்ளலாம். 2012ஆம் ஆண்டு மருத்துவச் சாதனச் சட்டத்தின்கீழ் பதிவான சாதனமாக இருக்க வேண்டும். அந்த 1,000மும் மேலே சொன்ன 10,000க்கு உள்ளேதான் அடக்கம்.

இது போதாது என்பது என் திடமான எண்ணம். போன காலுக்குச் சட்டம் கழிவு தருகிறது. அந்தக் கால் போய்விடாமல் காக்க ஒருவர் பல ஆண்டுகளாகச் செய்யும் செலவில் மிகச் சிறிய பங்கைத்தான் கண்டுகொள்கிறது. பிரிட்டனில் நாள்பட்ட நோயாளிகளுக்கும் உடற்குறையுள்ளவர்களுக்கும் என்றே வடிவமைத்த சாதனங்களை அவர்கள் சொந்த உபயோகத்துக்கு வாங்கும்போது மதிப்புக்கூட்டு வரி கிடையாது. நாள்பட்ட நோய்க்கு உதாரணமாக இனிப்புநீரையே அங்கே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார்கள். வாங்குபவர் தன் நிலையை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் கடையிலேயே வரி கழிந்துவிடும். நம் நாட்டிலும் ஒருநாள் அப்படி வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். வரவுசெலவுத் திட்டத்துக்கு முன்னால் தொழில் சங்கங்களிடம் கருத்துக் கேட்பார்கள். உன் முறை வரும்போது இதை எழுதிக் கொடு.

ஆசை வேறு, இன்றைக்கு இருக்கிற சட்டம் வேறு. இல்லாததை இருப்பதாக எழுதாதே. மசாஜ் நாற்காலி விற்பவர்கள் "வரியில கழிச்சுக்கலாம்" என்று சொல்லி விற்றுவிடுவார்கள், வாங்கியவர் ரசீதோடு உன்னிடம் வந்து நிற்பார். முடியாது என்று சொல். கோபித்துக்கொள்வார், வேறு அலுவலகத்துக்கும் போகலாம். நம் நாட்டில் 2004 முதல் தனிநபர்கள் தாங்களே தங்கள் வரியைக் கணக்கிட்டு அறிவிக்கிறார்கள். தாக்கல் செய்யும்போது யாரும் ரசீது கேட்பதில்லை. பின்னால் வரி வாரியம் கேட்கும்போது ஏழு ஆண்டுக் காகிதங்களும் கையில் இருக்க வேண்டும். தவறான கழிவுக்கு அபராதம் கட்டப்போகிறவர் உன்னை நம்பி வந்தவர். அதனாலேயே உனக்குக் கவனம் இரண்டு மடங்கு வேண்டும். கடை ரசீதின் எழுத்து ஓராண்டில் மங்கிவிடும். அன்றைக்கே படம் எடுத்து, மருத்துவர் கடிதத்தோடும் கார்டின் நகலோடும் ஒரே கோப்பில் போட்டு வை.

வரி கட்டும் அளவுக்கே வருமானம் இல்லாதவர்களும் வருவார்கள். அவர்களுக்கு இந்தக் கழிவால் ஒரு காசும் இல்லை. "உங்களுக்கு ஒன்றும் இல்லை" என்று அனுப்பிவிடாதே. சொக்சோ சமூகப் பாதுகாப்புச் சந்தா கட்டிவந்தவராக இருந்தால், தகுதியைப் பொறுத்து டயாலிசிஸ் செலவு, செயற்கைக் கால், இயலாமை ஓய்வூதியம் எல்லாம் கேட்க வழி இருக்கிறது. இபிஎஃப் சேமநிதிப் பணத்திலிருந்து மருத்துவத்துக்கும் அங்கீகரிக்கப்பட்ட உதவிச் சாதனங்களுக்கும் எடுக்கலாம். சமூகநல இலாகாவிலும் சாதனம் வாங்க உதவித்தொகைத் திட்டம் உண்டு. இந்த விளக்கத்துக்குக் கட்டணம் வாங்க முடியாது. பத்து நிமிடம் செலவாகும், கொடு.

எப்படிக் கேட்பது என்பதும் தொழிலில் சேர்த்திதான். மாமியார் பக்கத்தில் இருக்கும்போது மருமகளிடம் மருத்துவச் செலவைக் கேட்காதே. மனநல ஆலோசனையும் எய்ட்ஸ் சிகிச்சையும் இந்தக் கழிவுகளுக்குள் வருபவை, கணவன் மனைவிக்குள்ளேகூட அவை மறைவாக இருக்கலாம். கதவைச் சாத்திவிட்டு, இந்தக் கேள்வியை எல்லாரிடமும் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கேள். பதில் வராவிட்டால் விட்டுவிடு. கேட்டதை அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டின்போதுகூடப் பேசாதே. பினாங்குத் தீவு சிறியது. தண்ணீர்மலைக் கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு உனக்கு முன்னால் நிற்பவர் அவர்கள் சொந்தக்காரராக இருப்பார்.

கடைசியாக ஒரு வேலை சொல்கிறேன். வரியைக் கூடுதலாகக் கட்டிவிட்டவர், தாக்கலில் தவறு இருந்ததென்று காட்டி 131ஆம் பிரிவின்கீழ் நிவாரணம் கேட்கலாம், அதற்கு ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு. உன் அலுவலக அலமாரியில் இருக்கும் பழைய கோப்புகளில் ஓகேயூ கார்டின் நகல் இருந்தும் சாதனக் கழிவோ கூடுதல் கழிவோ எடுக்காதவை எவை என்று பார்த்துத் தனியே எடுத்து வை. சான்றின் தேதியையும் ரசீதின் தேதியையும் ஒப்பிட்டுப் பார். பொருந்தி வருபவற்றை உன் முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டு, அந்த வீடுகளுக்குத் தொலைபேசி எடு. மார்ச் கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் முடித்துவிடு.

அன்புடன்,
அக்கா
ஜார்ஜ்டவுன், பினாங்கு