சேற்றில் சிக்கிய பேட்டன்



பேட்டன் டாங்கியின் மாதிரியை ஒட்டி முடித்துவிட்டதாகவும், இனி வர்ணம் பூசிவிட்டு அதை நிறுத்த ஒரு தளம் செய்யப் போவதாகவும் எழுதியிருந்தாய். வரிசையை மாற்றிக்கொள். எந்த மண்ணில் நிற்கிறது என்று தெரியாத வண்டியின்மேல் எந்த நிறத்துப் புழுதி படியும் என்பதை யாரால் சொல்ல முடியும்? தளத்தை நிச்சயித்த பிறகே பிரஷ்ஷைத் தொட வேண்டும் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

பேட்டனுக்கு நம் தேசத்திலேயே ஒரு களம் உண்டு. 1965 செப்டம்பர் 8 முதல் 10 வரை, பஞ்சாபில் கேம்கரணை அடுத்த அசல் உத்தர் என்னும் கிராமத்தைச் சுற்றி நடந்த யுத்தத்தில், நம் படையினர் பாசன நீரை வயல்களில் திறந்துவிட்டு நிலத்தைச் சேறாக்கி வைத்திருந்தபடியால், நாற்பது டன்னுக்கு மேற்பட்ட எடையுள்ள பாகிஸ்தானின் பேட்டன்கள் பல அசைய மாட்டாமல் சிக்கிக்கொண்டு, உயர்ந்து நின்ற கரும்புக்குள் மறைந்திருந்த நம் செஞ்சூரியன் டாங்கிகளுக்கும், ஜீப்பின்மேல் பொருத்திய பீரங்கிகளுக்கும் இலக்காயின. அத்தகைய ஜீப் ஒன்றிலிருந்து சுட்டு டாங்கிகளை அழித்து, அந்தக் களத்திலேயே உயிர்நீத்த அப்துல் ஹமீதுக்கே பரம்வீர் சக்கரம் அளிக்கப்பட்டது. வீரத்தைச் சற்றும் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் அந்தப் போரில் பாதி வேலையைச் செய்தது சேறு. உன் பலகையிலும் அதற்கே பிரதான ஸ்தானம்.

உன் மாதிரி வந்த பெட்டியின்மேல் 1:35 என்று விகிதம் அச்சிட்டிருக்கும். ஜப்பானியத் தமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் பாந்தர் டாங்கியை மோட்டாரில் ஓடும்படி செய்தபோது, உள்ளே பேட்டரி அடங்குவதற்காகத் தற்செயலாய் அமைந்த விகிதம் அது; பிற்பாடு உலக வழக்காகிவிட்டது. அதன்படி ஒரு மில்லிமீட்டர் என்பது மூன்றரை சென்டிமீட்டர். உன் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைச்சாவடிக் கடற்கரை மணலை அப்படியே அள்ளித் தூவினாயானால், ஒவ்வொரு பருமணலும் சாலை போடும் ஜல்லியாகத் தெரியும். போதாக்குறைக்கு அதிலுள்ள உப்பு மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்து வெள்ளையாய்ப் பூத்துவிடும். பொம்மையார்பாளையத்துச் செம்மண் பக்கத்திலேயே கிடைக்கிறதே என்று ஆசைப்படாதே. பஞ்சாபின் வண்டல் பழுப்பும் சாம்பலும் கலந்தது. துணியில் சலித்த நுண்மண்ணே போதும். நிறத்தை வர்ணத்தால் கொடுத்துக்கொள்ளலாம்.

தளத்துக்குக் காகிதக்கூழைவிட உகந்தது வேறில்லை. திருக்கனூர்க் காகிதக்கூழ்ப் பொம்மைகள் புவிசார் குறியீடு பெற்றவை. அந்த வித்தை உன் ஊருக்கு அந்நியமன்று. பலகை ஈரத்தில் வளையாதிருக்க முதலில் இருபுறமும் வார்னிஷ் பூசு. ஊறவைத்து அரைத்த கூழில் பெவிகாலும் சலித்த மண்ணும் கலந்து பரப்பி, மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, அதன்மேல் டாங்கியை வைத்து, முன்புறம் சற்று அதிகம் தாழும்படி அழுத்து. தாள் இருப்பதால் ஒட்டாமல் எடுத்துவிடலாம், பள்ளம் நிற்கும். சங்கிலிப் பட்டையின் தடத்தை வண்டியின் பின்னால் மட்டும் பதி. சிக்கிய வண்டிக்கு முன்னால் தடம் ஏது?

கரும்புக்கு விளக்குமாற்று ஈர்க்கு அற்புதமான பொருள்: மெல்லிய ஈர்க்கு, இந்த விகிதத்தில் ஏறத்தாழ ஒரு கரும்பின் பருமன். எட்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு நறுக்கி, காகிதத்தைச் சோகையாகக் கத்தரித்து ஒட்டு. தண்ணீருக்கு, கொலுவில் உன் பாட்டி பூங்காவின் குளத்துக்கு வைக்கும் கண்ணாடித் துண்டு உதவாது. கலங்கல் நீருக்கு அடியைக் கரும்பழுப்பாகத் தீட்டி, தெளிந்த வார்னிஷை மெல்லிய படலங்களாக, ஒன்று உலர்ந்த பின் மற்றொன்றாக ஊற்று.

இப்போது வர்ணம். ஒட்டிய இடங்களில் துருத்தும் பிசிறுகளை உப்புத்தாளால் தேய்த்துவிட்டுப் பிரைமர் அடி. மேகமூட்டமான நாளில் தின்னர் கலந்த வர்ணத்தைத் தொடாதே, கடற்கரை ஈரக் காற்றில் அது வெளிறிப் போகும். பச்சையை ஒரே கனத்த பூச்சாக அப்பாமல், நீர்த்த பூச்சுகளாக ஏற்று. நன்கு உலர்ந்தபின் கரும்பழுப்பை மிகவும் நீர்க்கக் கரைத்து இடுக்குகளில் ஓடவிடு. கடைசியாகத் தளத்தில் பயன்படுத்திய அதே சேற்று நிறத்தைச் சக்கரங்களில் கனமாகவும், மேலே போகப் போகக் குறைவாகவும் அப்பு. சுழல்மேடை வரை சேறு பூசுவது ஆரம்பக்காரர்களின் உற்சாகம், அதை அடக்கிக்கொள்.

அப்துல் ஹமீதின் ஜீப்பையும் அதே பலகையில் வைக்க நினைப்பாய் என்று ஊகிக்கிறேன். ஜீப்புக்கும் டாங்கிக்கும் இடையே நூறு மீட்டர் தூரம் என்று வைத்தால்கூட, இந்த விகிதத்தில் அது ஏறக்குறைய மூன்று மீட்டராகும். உங்கள் வீட்டுத் திண்ணையே போதுமோ என்னவோ. ஜீப்பைத் தனிப் பலகையில், அதன் குழல் நீண்டு நிற்கக் கரும்புக்குள் பாதி மறைத்து வை. இரண்டு பலகைகளையும் கூடத்தின் எதிரெதிர்ச் சுவர்களில் நிறுத்தலாம்.