ஒரு சொட்டு ரத்தமும் ஒரு கறுப்புப் பூஞ்சையும்

பழைய வெங்காயத்தை உரிக்கும்போது தோலுக்கு அடியில் கறுப்புத் தூள் படிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது பெரும்பாலும் ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் வகைப் பூஞ்சை. ‘சீ’ என்று துடைத்துப்போடும் அந்தப் பூஞ்சை வகைதான், வீட்டிலேயே ரத்தச் சர்க்கரை பார்க்கும் பல கருவிகளுக்கு உயிர்நாடியான ‘குளுக்கோஸ் ஆக்சிடேஸ்’ என்ற நொதியைத் தருகிறது.

பல பரிசோதனைப் பட்டைகளின் நுனியில் இந்த நொதி காய்ந்த நிலையில் பூசப்பட்டிருக்கும். ரத்தம் பட்டவுடன் அது குளுக்கோஸ் மூலக்கூற்றிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிரித்தெடுக்கும். இடையில் இருக்கும் ஒரு வேதிப்பொருள் அவற்றை வாங்கி மின்முனையிடம் கொடுக்கும். குளுக்கோஸ் அதிகம் என்றால் மின்னோட்டமும் அதிகம். உயர்நிலைப்பள்ளியில் நாம் படிக்கும் ஆக்சிஜனேற்றம், மின்னோட்டம் என்ற இரண்டு பாடங்களும் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்துக்குள் சில விநாடிகளில் நடந்து முடிந்துவிடுகின்றன. பல பட்டைகளுக்கு அவ்வளவு ரத்தம்கூடத் தேவைப்படுவதில்லை.

இதற்கு முன்பு என்ன செய்தார்கள்? ஆய்வுக்கூடத்தில் நீங்கள் செய்யும் பெனடிக்ட் சோதனைதான். நோயாளியின் சிறுநீரை நீல நிறக் கரைசலுடன் சேர்த்துச் சூடாக்குவார்கள். பச்சை, ஆரஞ்சு, செங்கல் நிறம் என்று மாறினால் சர்க்கரை இருப்பதாகப் பொருள். ஆனால் அது சிறுநீர்ப்பையில் சேர்ந்துவிட்ட பழைய கணக்கு. இந்த நிமிடம் ரத்தத்தில் எவ்வளவு என்று அது சொல்லாது.

அமெரிக்காவில் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன் என்ற பொறியாளருக்கு 12 வயதிலேயே நீரிழிவு வந்துவிட்டது. 1969ல் ரத்தச் சர்க்கரையை ஒரு நிமிடத்தில் காட்டும் புதுக் கருவியைப் பற்றிய விளம்பரத்தை அவர் பார்த்தார். எடை ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ, விலை 650 அமெரிக்க டாலர். நோயாளிகளுக்கு விற்கமாட்டார்களாம்! அவருடைய மனைவி மருத்துவர் என்பதால் அவர் பெயரில் வாங்கினார். ஒரு நாளில் பலமுறை தம் ரத்தத்தைச் சோதித்து, எந்த உணவு, எவ்வளவு இன்சுலின் என்று பொறியாளருக்கே உரிய முறையில் குறித்துக்கொண்டார். தம் அனுபவத்தை மருத்துவ இதழ்களுக்கு எழுதினார், ஏற்க மறுத்தார்கள். விடவில்லை மனிதர். 45 வயதில் மருத்துவக் கல்லூரியில் மாணவராகச் சேர்ந்து மருத்துவரானார். 2025ல், தமது 90வது வயதில் காலமானார். அன்று அவர் கைக்குப் போக மறுத்த கருவிதான் இன்று நம் மருந்துக் கடைகளில் யாருக்கும் கிடைக்கிறது.

நமக்கு இது தூரத்துக் கதை அல்ல. சிங்கப்பூரின் 2010 தேசியச் சுகாதார ஆய்வில், 18 முதல் 69 வயதுக்கு உட்பட்ட இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. சீனர்களில் அது 9.7 விழுக்காடு. சுகாதார அமைச்சு 2016ல் நீரிழிவுக்கு எதிராகப் போர் அறிவித்தது. 2023ல் ஹெல்தியர் எஸ்ஜி திட்டம் வந்து, ஆளுக்கொரு குடும்ப மருத்துவர் என்றானது. பலதுறை மருந்தகத்தில் கொடுத்த ரத்தத்தின் முடிவை ஹெல்த்ஹப் செயலியில் நாமே பார்த்துக்கொள்ளலாம்.

அந்தச் செயலியில் தெரியும் ‘எச்பிஏ1சி’ எண், ஏறத்தாழ மூன்று மாதச் சராசரி. சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் வாழ்வதால், அதுவரை அவற்றில் ஒட்டிய சர்க்கரையை அது காட்டுகிறது. ஆனால் சராசரி ஒரு பூசணிக்காய். உள்ளே எத்தனையோ ஏற்றஇறக்கம் மறைந்து கிடக்கும். காலை 5, மதியம் 15 என்று ஊஞ்சலாடுபவருக்கும், நாள் முழுவதும் சீராக இருப்பவருக்கும் ஒரே சராசரி வரக்கூடும். அந்த இடைவெளியை வீட்டுக் கருவிதான் நிரப்ப வேண்டும்.

தினமும் காலையில் வெறும் வயிற்றில் மட்டும் பார்த்து, எண்ணைக் குறித்துவைப்பவர்கள் பலர். அதைவிட, சாப்பிடும் முன்னர் ஒருமுறை, சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை என்று ஜோடியாகப் பார்ப்பது அதிகம் சொல்லும். எடுத்துக்காட்டாக, தேக்கா சந்தை உணவங்காடியில் மூன்று தோசையும் ஒரு தே தாரிக்கும் சாப்பிட்டால் 6.5 என்பது 12 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு நாள் இரண்டு தோசை, ஒரு முட்டை, சீனி இல்லாத தே ஓ. பிறகு லிட்டில் இந்தியாவிலிருந்து ஃபேரர் பார்க் எம்ஆர்டி வரை ஒரு நடை. நடக்கும் தசைகள் இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலேயே குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும். இரண்டு நாள் எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், யாரும் அறிவுரை சொல்லத் தேவையில்லை. என் கருத்தில், இதற்கு ஒரு சிறு நோட்டுப்புத்தகம் போதும். செயலியை ஆங்கிலத்தில் படிக்கத் தயங்கும் பாட்டிக்கும் அது தோதாக இருக்கும்.

கையில் அணியும் தொடர்க் கண்காணிப்புக் கருவிகளும் வந்துவிட்டன. தோலுக்கடியில் செருகிய மெல்லிய இழை, சில நிமிடங்களுக்கு ஒருமுறை கைப்பேசிக்கு எண் அனுப்பும். பெரும்பாலானவற்றில் அதே பூஞ்சை நொதிதான். ஆனால் இது அளப்பது ரத்தத்தை அல்ல, உயிரணுக்களுக்கு இடையே உள்ள நீரை. ரத்தத்தில் ஏற்படும் மாற்றம் அங்கே தெரியச் சில நிமிடங்கள் பிந்தும். தலைசுற்றி வியர்க்கிறது, கருவியோ நன்றாக இருப்பதாகக் காட்டுகிறது என்றால் உடல் சொல்வதை நம்பி விரலில் குத்திப் பாருங்கள். 4க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இன்சுலின் போடுபவர் வீட்டில் பிள்ளைகளுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். மருந்தின் அளவை மாற்றுவது மட்டும் மருத்துவரின் வேலை.

மாம்பழம் நறுக்கிய கையோடு குத்திப் பார்த்தால், தோலில் ஒட்டிய சாறு எண்ணை ஏகத்துக்கு உயர்த்திக் காட்டும். தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, நம்மவர்களுக்கே உரிய குழப்பம். திருச்சியில் இருக்கும் அக்கா “எனக்கு 126” என்கிறார். இங்கே தம்பி “எனக்கு 7தான்” என்று நிம்மதி அடைகிறார். இரண்டும் ஒன்றே! சிங்கப்பூரில் ஒரு லிட்டருக்கு எத்தனை மில்லிமோல் என்று எண்ணுகிறோம். இந்தியாவில் ஒரு டெசிலிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று. குளுக்கோஸின் மோலார் நிறை 180. ஆகவே லிட்டருக்கு 1 மில்லிமோல் என்றால் 180 மில்லிகிராம், டெசிலிட்டருக்கு 18. வெறும் வயிற்றில் 7 அல்லது அதற்குமேல் என்பது நீரிழிவின் எல்லை. ஊரிலிருந்து கருவி வாங்கி வந்தவர்கள், திரையில் எந்த அலகு இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். இங்கிருந்து அங்கே சொல்ல 18ஆல் பெருக்குங்கள். அங்கிருந்து வரும் எண்ணை 18ஆல் வகுங்கள்.