கூடிச் செபிப்போம், கூடிச் செல்வோம்



நாம் திருப்பலி காண்கிறோம், செபமாலை சொல்கிறோம், முதல் வெள்ளி தவறாமல் நற்கருணை உட்கொள்கிறோம். இவை யாவும் நன்றே. ஆனால் கோவில் வாசலைத் தாண்டியபின் நம் பக்தி என்னவாகிறது? இதற்கு விடை காண, நம்மைப் போன்ற மாணவர் சிலரின் வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

1831ஆம் ஆண்டில் பிரடெரிக் ஒசானாம் என்னும் இளைஞர் சட்டம் பயிலப் பாரிசு நகருக்கு வந்தார். திருச்சபையை எள்ளி நகையாடுவோர் அங்கு மாணவரிடையே பலர் இருந்தனர். 1832இல் காலரா நோய் அந்நகரைச் சூறையாடியது. ஏழைகளின் குடியிருப்புகளில் பசியும் பிணியும் மலிந்தன. திருச்சபை முற்காலத்தில் நற்பணி புரிந்திருக்கலாம், இன்று நீங்கள் ஏழைக்கு என்ன செய்கிறீர்கள் என்று வாதமன்றத்தில் மாற்றுக் கருத்தினர் வினவினர். இதற்குச் சொல்லால் விடை கூறிப் பயனில்லை என்பதை ஒசானாம் உணர்ந்தார்.

1833 ஏப்ரல் 23ஆம் நாள் அவருக்கு 20 வயது நிறைந்தது. அன்றே அவரும் மாணவ நண்பர் ஐவரும், எம்மானுவேல் பாயி என்னும் பெரியவரும் ஒன்றுகூடினர். இவ்வாறு எழுவருடன் தோன்றியதே புனித வின்சென்ட் தே பவுல் சபை.

அவர்களிடம் ஆர்வம் இருந்தது, வழி தெரியவில்லை. வழிகாட்டியவர் ஒரு கன்னியர். பிறரன்புப் புதல்வியர் சபையைச் சேர்ந்த சகோதரி ரொசாலி ரெந்து, பாரிசின் மூப்தார் பகுதியில் 50 ஆண்டுகளுக்கு மேல் ஏழைகளிடையே உழைத்தவர். எந்த வீட்டிற்குச் செல்வது, என்ன கொண்டு செல்வது என்று அவர் கூறினார். ஏழையின் குறையைப் பொறுமையுடன் கேட்கவும், அவசரப்பட்டுத் தீர்ப்பிடாதிருக்கவும் அவரே கற்பித்தார்.

அவர்கள் வகுத்துக்கொண்ட முறை எளியது. வாரந்தோறும் கூட்டம், தொடக்கத்திலும் முடிவிலும் செபம். யார் எவ்வளவு ஈந்தார் எனத் தெரியாதபடி ஒரு காணிக்கை. பின்னர் இருவர் இருவராக ஏழைகளின் இல்லங்களுக்குச் செல்லுதல். இவ்வளவுதான். இன்று அச்சபை ஏறக்குறைய 150 நாடுகளில் பணியாற்றுகிறது. நம் பங்குகள் பலவற்றிலும் அதன் உறுப்பினரைக் காண்கிறோம். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் ஒசானாமை 1997இலும், சகோதரி ரொசாலியை 2003இலும் முத்திப்பேறு பெற்றவர்களாக அறிவித்தார்.

இதில் நமக்குள்ள பாடம் யாது? பக்தியை உணர்ச்சியை மட்டும் நம்பி விட்டுவிடலாகாது. தியான நாட்களில் நம் உள்ளம் கனிகிறது. தேர்வு நெருங்கியதும் எல்லாம் மறந்துபோகிறது. தனி விறகு புகைந்து அணையும். நான்கு விறகு சேர்ந்தால் அடுப்பு எரியும். குறித்த நாளில் நமக்காகத் தோழி ஒருத்தி காத்திருக்கிறாள் என்றால், சோர்வுள்ள நாளிலும் நாம் எழுந்து செல்வோம். தனியே செல்லத் தயங்குகிறவளுக்கு உடன் வருபவள் துணிவு தருவாள். நாம்தான் செய்தோம் என்னும் செருக்கும் எழாது.

இப்பணிக்குப் பெரும்பணம் தேவையில்லை. மதிய உணவு கொண்டுவராதவளைப் பிறர் அறியாமல் நம் அருகே அமர்த்திக்கொள்ளலாம். காய்ச்சலில் கிடந்து திரும்பியவளுக்கு விட்டுப்போன பாடங்களைச் சொல்லித் தரலாம். கண் மங்கிய பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் ஞாயிறுதோறும் அரைமணி நேரம் பேசியிருக்கலாம். ஆனால் ஒரு முறை செய்துவிட்டு நின்றுவிடலாகாது. அடுத்த வாரமும் வருவோம் என்று அவர்கள் நம்பும்படி நடத்தலே மேன்மை.

தோழியரே, நாமும் மூவராக, நால்வராகச் சேர்வோம். வாரத்தில் ஒரு நாளைக் குறிப்போம். ஒரு பத்து மணி செபமாலையுடன் தொடங்குவோம். நமக்குள் மனத்தாங்கல் ஏற்பட்டாலும் அந்நாளைத் தவறவிடாதிருப்போம். இன்று நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்ற அக்கேள்வி நம்மை நோக்கியும் எழும். அதற்கு நம் வாழ்வே விடையாகட்டும்!