தில்லிக் குளிரும் 'இயல்பு' என்னும் அளவும்

'வெப்பநிலை இயல்புக்கு ஐந்து டிகிரி குறைவு' என்று வானிலை அறிக்கையில் படிக்கிறோம். இந்த இயல்பு என்பது யாது? ஓரிடத்தில் முப்பது ஆண்டுகள் பதிவான அளவுகளின் சராசரியே அது.

2019 டிசம்பரை எடுத்துக்கொள்வோம். அம்மாத இறுதியில் தில்லியின் பகல் வெப்பம் சுமார் 20 டிகிரி செல்சியஸ் வரை ஏறுவது இயல்பு. 30-ஆம் தேதியன்றோ சப்தர்ஜங் நிலையத்தில் அது 9.4 டிகிரியைத் தாண்டவில்லை. 1901 முதல் எந்த டிசம்பரிலும் அத்துணைக் குளிர்ந்த பகல் அங்கே பதிவானதில்லை.

காரணம் என்ன? கங்கைச் சமவெளியில் மூடுபனியும் தாழ்ந்த மேகமும் போர்வைபோல் படர்ந்து, வெயிலைத் தரைக்கு வரவிடாமல் தடுத்தன. வான் தெளிந்த இரவிலோ நிலைமை வேறு. தரையின் வெப்பம் தடையின்றி வெளியேறிவிட, இரவுக் குளிர் கடுமையாகிறது.

ஆகவே குளிர் இருவகை. இரவு வெப்பநிலை 10 டிகிரியோ அதற்குக் கீழோ இருக்கும்போது, அது இயல்பினும் 4.5 டிகிரி குறைந்தால் 'குளிர் அலை'. பகலின் உச்ச வெப்பநிலை அவ்வளவு குறைந்தால் 'குளிர் பகல்'. சமவெளிக்கு வானிலைத் துறை வகுத்த எல்லை இது.

தெற்கிலிருந்து வந்த நாம் இரவின் எண்ணை மட்டும் பார்த்து அஞ்சுகிறோம். தெருவோரம் உறங்கும் ஏழை, இரவெல்லாம் நடுங்கிவிட்டுப் பகல் வெயிலில்தான் உடல் தேறுகிறான். அந்த வெயிலும் இல்லாமற்போவதே பேரிடர் என்று நான் கருதுகிறேன். நண்பர்களே, அறிக்கையின் இரண்டு எண்களையும் படியுங்கள். கொடுப்பதற்கென வைத்திருக்கும் பழைய கம்பளியைக் குளிர் பகல் வருமுன்னரே கொடுத்துவிடுங்கள்.