சர்வீஸ் சென்டரில் குடியிருக்கும் புது கார்

கேள்வி: எட்டு மாதங்களுக்கு முன்பு புது ஆட்டோமேட்டிக் கார் வாங்கினேன். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஆரம்பித்தால் கியர் மாறாமல் திணறுகிறது. இரண்டு முறை நடுவழியில் நின்றேவிட்டது. ஐந்து தடவை சர்வீஸ் சென்டரில் விட்டு எடுத்தாயிற்று. ஒவ்வொரு தடவையும், “சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணிட்டோம் சார், இனிமே வராது” என்கிறார்கள். வண்டியையே மாற்றித் தரும்படி கேட்க எனக்கு உரிமை உண்டா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: கேட்க உரிமை உண்டு. கேட்டது கிடைப்பதுதான் கடினம்.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் 1982-ல் இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. ‘லெமன் சட்டம்’ என்பது அதன் செல்லப்பெயர். ஒரே கோளாறை நான்கு தடவை பார்த்தும் தீராவிட்டாலோ, வண்டி மொத்தம் 30 நாள் பட்டறையில் கிடந்தாலோ, வாங்கியவர் பக்கம் சட்டம் சாயும். சிங்கப்பூரில் 2012 முதல் நடப்பில் உள்ள சட்டம், ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை டெலிவரி அன்றே இருந்ததாக எடுத்துக்கொள்கிறது; இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பாடு. இந்தியாவில் காருக்கென்று அப்படித் தனிச் சட்டம் இல்லை. பிரஷர் குக்கருக்கும் காருக்கும் ஒரே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-தான். அதன்படி வண்டியைச் சரிசெய்யவோ, மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ, இழப்பீடு தரவோ நுகர்வோர் ஆணையம் உத்தரவிடலாம். ஆனால் குறை உற்பத்தியிலேயே இருந்தது என்று காட்டும் சுமை பெரும்பாலும் வாங்கியவர் தலையில் விழுகிறது.

இதில் கார் நிறுவனங்கள் தவறாமல் எடுத்துக்காட்டும் தீர்ப்பு ஒன்று உண்டு. மாருதி உத்யோக் வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம், வாரண்டியில் எழுதியிருப்பது பழுதான பாகத்தைச் சரிசெய்வதும் மாற்றுவதும் மட்டுமே என்று சொல்லி, முழு வண்டியை மாற்றித் தரும் உத்தரவை ரத்து செய்தது. ‘கியர்பாக்ஸை வேண்டுமானால் மாற்றுகிறோம், காரைக் கேட்காதீர்கள்’ என்ற பதிலுக்கு அடிப்படை இதுதான்.

அதற்காகச் சோர்ந்துபோக வேண்டியதில்லை. ஃபியட் கார் ஒன்றின் இன்ஜின் சத்தம் தொடர்பான வழக்கில், சார்பில்லாத தொழில்நுட்ப வல்லுநர் ஒருவர் வண்டியைச் சோதிக்கட்டும், உற்பத்திக் குறை என்று அவர் சொன்னால் விலையை 12 சதவீத வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்று அதே நீதிமன்றம் சொன்னது. ஆகவே வல்லுநர் அறிக்கைதான் இத்தகைய வழக்குகளின் உயிர்நாடி. வண்டியைத் தகுந்த இடத்துக்குச் சோதனைக்கு அனுப்ப 2019 சட்டத்தின் 38-வது பிரிவு வழிசெய்கிறது. சோதனைக் கட்டணத்தைப் புகார்தாரர்தான் முதலில் கட்ட வேண்டும். கட்டணத்துக்குத் தயங்கி, வெறும் புகார் மனுவோடு வாதாடித் தோற்றவர்கள் நிறையப் பேர்.

சில கோளாறுகளுக்கு வல்லுநரே தேவைப்படுவதில்லை. 2015 ஆகஸ்டில் ஒருவர் ஹூண்டாய் க்ரெட்டா வாங்கினார். 2017 நவம்பரில் டெல்லி–பானிபட் நெடுஞ்சாலையில் விபத்து; ஏர்பேக் விரியவில்லை, அவருக்குப் பலத்த காயம். போதுமான வேகத்தில் மோதினால்தான் பை விரியும் என்று நிறுவனம் வாதாடியது. மோதலின் விசையைக் கணக்குப் போட வாடிக்கையாளர் ஒன்றும் இயற்பியல் நிபுணர் அல்ல என்ற பொருள்படச் சொல்லி, 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது. 3 லட்சம் ரூபாய் இழப்பீடும் வண்டியை மாற்றித் தரும் உத்தரவும் நிலைத்தன. மலைப்பாதையில் நின்றுவிடும் காரின் புகாரிலும் உயிர் ஆபத்து என்பதை முதல் பத்தியிலேயே எழுதுவது நல்லது. பின்னால் வரும் லாரிக்கு சாஃப்ட்வேர் அப்டேட் பற்றி என்ன தெரியும்?

திண்டுக்கல் வாசகரின் உண்மையான ஆயுதம், வண்டியை விடும்போது சர்வீஸ் சென்டர் புகாரைக் குறித்துத் தரும் ஜாப் கார்டு. ஐந்து தடவை விட்டதற்கு ஐந்து ஜாப் கார்டு கையில் இருக்கிறதா? ‘மேடு ஏறும்போது கியர் மாறவில்லை, வண்டி நின்றது’ என்று அவர் சொன்னது அதில் அப்படியே பதிவாகியிருக்கிறதா, அல்லது ‘ஜெனரல் செக்கப்’ என்று எழுதி முடித்துவிட்டார்களா? இரண்டாவது என்றால், அன்றன்றைக்கு நடந்ததைத் தேதி போட்டு டீலருக்கும் நிறுவனத்துக்கும் இன்றே மின்னஞ்சல் அனுப்பிவிட வேண்டும். கோளாறு நடக்கும்போது பக்கத்தில் இருப்பவர் எடுக்கும் வீடியோவும் பயன்படும். சர்வீஸ் அட்வைசரின் வாய்வார்த்தை எந்த ஆணையத்திலும் செல்லாது.

புகாரில் டீலர், உற்பத்தியாளர் இருவரையும் சேர்க்க வேண்டும். யார் செய்த தவறு எது என்பதையும் பிரித்து எழுத வேண்டும். 2009-ல் தயாரான, ஏற்கெனவே 622 கிலோமீட்டர் ஓடிய டாடா காரை 2011-ல் புதிது என்று ஒருவரிடம் விற்றுவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வந்தபோது, 2021-ல், டீலர் செய்ததில் உற்பத்தியாளருக்குப் பங்கு இருந்ததாகக் காட்டப்படவில்லை என்று டாடா நிறுவனம் விடுவிக்கப்பட்டது. (ஆர்.சி.யில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் இருக்கும். புது வண்டி வாங்கும் மகிழ்ச்சியில் அதை யாரும் பார்ப்பதில்லை.)

கோரிக்கையை ஒன்றோடு நிறுத்திவிடக் கூடாது. வண்டியை மாற்றுங்கள், இல்லையேல் பணத்தைத் திருப்புங்கள், அதுவும் இல்லையென்றால் கியர்பாக்ஸைப் புதிதாகப் போட்டு, வாரண்டியை நீட்டித்து, அலைந்ததற்கு இழப்பீடு தாருங்கள் என்று படிப்படியாகக் கேட்பதே விவேகம். கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையம் போதும். நிறுவனத்தின் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும் திண்டுக்கல்லிலேயே வழக்குப் போடலாம். 5 முதல் 10 லட்சம் ரூபாய் வரையிலான வண்டிக்கு மனுக் கட்டணம் 200 ரூபாய்தான். கெடு இரண்டு ஆண்டு. வழக்குப் போடும் முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்து பார்க்கலாம். சில நிறுவனங்கள் அங்கேயே இறங்கி வருவதுண்டு.

அதே கோளாறு பல வண்டிகளில் இருந்தால் கதை வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கச் சொல்லி நிறுவனத்துக்கு உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. 2023 ஜனவரியில் ஏர்பேக் கன்ட்ரோலரைச் சோதிக்க மாருதி 17,362 கார்களைத் தானாகவே திரும்ப அழைத்தது. சேஸிஸ் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தால் தன் வண்டி அத்தகைய பட்டியலில் உண்டா என்று தெரிந்துவிடும்.

கேள்வி: என்னுடையது மஞ்சள் போர்டு வண்டி. கால் டாக்சியாக ஓட்டுகிறேன். வியாபார வண்டிக்கு நுகர்வோர் ஆணையம் கிடையாது என்கிறாரே டீலர்?
– வாசகர், ஆவடி

பதில்: டீலர் பாதி சட்டத்தைத்தான் சொல்லியிருக்கிறார். வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்பது சரி. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கியவருக்கு அதே சட்டம் விலக்கு அளிக்கிறது. பத்து வண்டி வாங்கி டிரைவர் போட்டு ஓட்டுபவருக்கு அது பொருந்தாது. இவர் தானே ஓட்டுபவர் என்பதையும், குடும்பம் இந்த ஒரு வண்டியை நம்பித்தான் இருக்கிறது என்பதையும் மனுவில் வெளிப்படையாக எழுதி, டிரைவர் பேட்ஜ் நகல், கடன் தவணை விவரம், வண்டி ஓடாத நாட்களில் போன வருமானக் கணக்கு ஆகியவற்றை இணைக்க வேண்டும்.