விசிறி எப்போது சுற்ற வேண்டும்?

கார் என்ஜினுக்குள் பெட்ரோல் எரிகிறது. அதனால் என்ஜின் சூடாகிறது. அந்தச் சூட்டைத் தணிக்க என்ஜினைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறது. சூடான தண்ணீர் ரேடியேட்டருக்கு வருகிறது. காற்று பட்டு ஆறுகிறது. மீண்டும் என்ஜினுக்குப் போகிறது.

கார் ஓடும்போது எதிர்க்காற்று போதும். நின்றால் காற்று வராது. அப்போது விசிறி வேண்டும்.

அம்பாசிடர் காரில் என்ஜின்தான் பெல்ட் மூலம் விசிறியைச் சுற்றியது. 1983-இல் வந்த மாருதி 800 காரில் இருப்பது மின்சார விசிறி. இந்தக் காரின் உற்பத்தி 2014-இல் நின்றது. ஆனாலும் பழைய கார்கள் இன்னும் ஓடுகின்றன.

அப்படி ஒரு காரை ஓட்டுபவர் மெக்கானிக்கிடம் வந்தார்.

“அண்ணே, ரோட்டில் போகும்போது சூடு ஏறவில்லை. சிக்னலில் நின்றால் முள் மேலே போகிறது.”

“விசிறி சுற்றுகிறதா, தம்பி?”

“இல்லை அண்ணே. நேராக ஒயர் கொடுத்துவிடுங்கள். எப்போதும் சுற்றட்டும்.”

“அது வேண்டாம். மோட்டார் சீக்கிரம் தேயும். வீணாகக் கரண்டும் போகும். முதலில் குறை எங்கே என்று பார்ப்போம்.”

மெக்கானிக் பியூஸைப் பார்த்தார். அது நன்றாக இருந்தது. பிறகு சுவிட்சின் ஒயரைக் கழற்றினார். சாவியைப் போட்டு, இரண்டு முனைகளையும் சேர்த்தார். விசிறி சுற்றியது! “மோட்டார் நன்றாக இருக்கிறது. சுவிட்ச்தான் கெட்டுவிட்டது” என்றார்.

சுவிட்ச் எப்படி வேலை செய்கிறது?

பல சுவிட்சுகளுக்குள் ஒரு சிறு தகடு இருக்கும். இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்தது அது. சூடானால் ஓர் உலோகம் அதிகம் நீளும். மற்றது குறைவாக நீளும். அதனால் தகடு வளையும். ஒயர்கள் சேரும். விசிறி சுற்றும். தண்ணீர் ஆறினால் தகடு நிமிரும். விசிறி நிற்கும்.

சில சுவிட்சுகளின் மேல் 92-87 என்பது போல எண்கள் இருக்கும். 92 டிகிரியில் விசிறி ஓடும். 87 டிகிரியில் நிற்கும். இந்த வகையைத் திருகி மாற்ற முடியாது. அந்தக் காருக்கு உரிய எண் உள்ளதைத்தான் வாங்க வேண்டும். எண்ணைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

சில பழைய கார்களில் குமிழ் உள்ள சுவிட்சைப் பின்னால் பொருத்தியிருப்பார்கள். அதைச் சரி செய்யும் முறை இது:

1. காரை நிறுத்தி என்ஜினை ஓட விடுங்கள்.
2. முள் நடுவைச் சற்றுத் தாண்டும்வரை காத்திருங்கள்.
3. குமிழை மெதுவாகத் திருப்புங்கள். விசிறி ஓடத் தொடங்கியதும் நிறுத்துங்கள்.
4. சற்று நேரத்தில் விசிறி தானே நிற்க வேண்டும். சூடு ஏறியதும் மீண்டும் ஓட வேண்டும்.

விசிறி நிற்கவே இல்லை என்றால் குமிழை மிகக் குறைந்த சூட்டில் வைத்துவிட்டீர்கள். சற்றுக் கூட்டுங்கள். முள் சிவப்புக் கோட்டைத் தொட்டால் உடனே என்ஜினை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் ஹெட் வளையும். கேஸ்கெட் போகும். செலவு பல ஆயிரம் ரூபாய் ஆகும்.

எச்சரிக்கை

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தம் இருக்கும். கொதிநீர் பீறிட்டு முகத்தில் அடிக்கும். சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் விசிறி திடீரென்று சுற்றும். அதன் அருகே கை வைக்கும் முன் பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள்.

பயிற்சி

1. சிக்னலில் மட்டும் சூடு ஏறியது ஏன்?
2. மோட்டார் நன்றாக இருக்கிறது என்று மெக்கானிக் எப்படிக் கண்டார்?
3. 92-87 என்ற எண்களின் பொருள் என்ன?
4. ரேடியேட்டர் மூடியை எப்போது திறக்கக் கூடாது? ஏன்?