படம் வந்ததும் கிளம்பிவிடாதே

அன்புள்ள தம்பிக்கு,

மதுராந்தகத்தில் ஒரு அண்ணனிடம் வேலை பழகிக்கொண்டிருந்த நீ, இப்போது அச்சரப்பாக்கத்தில் தனியாகவே டிஷ் மாட்டக் கிளம்பிவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். ரொம்ப சந்தோஷம். ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிப் புது வீடுகள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. கிரகப்பிரவேசத்துக்கு முன்பே பெரிய டி.வி. வந்து சுவரில் ஏறிவிடுகிறது. உனக்கு வேலைக்குக் குறைவிருக்காது. வேலை குவியும்போது ஒரு பழக்கம் நம்மை அறியாமல் ஒட்டிக்கொள்ளும். திரையில் படம் தெரிந்ததும் ஸ்பானரைப் பையில் போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவது. அது உன்னிடம் ஒட்டக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

பழைய ஆன்டெனா காலத்தில் சிக்னல் கூடக் கூடப் படம் தெளியும். புள்ளி புள்ளியாகப் பறப்பது குறையும். டிஜிட்டலில் அப்படியில்லை. பாக்ஸுக்குப் போதுமான சிக்னல் கிடைத்தால் படம் முழுசாக வரும். குறைந்தால் கட்டம் கட்டமாக உடையும், பிறகு ஒரேயடியாக நின்றுவிடும். குவாலிட்டி எழுபதில் இருப்பதைத் தொண்ணூறாக ஏற்றினால் படத்தின் அழகு இம்மியும் கூடாது. அப்படியானால் மாடியில் அவ்வளவு பாடுபடுவது எதற்கு? மழைக்கு. நீ மாடியில் ஏற்றி வைக்கும் ஒவ்வொரு புள்ளியும் ஐப்பசி, கார்த்திகைக்கான கையிருப்பு. படத்தின் அழகு கீழே ஹாலில்தான் முடிவாகிறது. நம் தொழிலில் பலர் மாடியோடு நின்றுவிடுகிறார்கள். எச்.டி. டி.வி. வாங்கிய எத்தனையோ வீடுகளில் இன்னும் மங்கல் படம் ஓடுவதற்குக் காரணம் அதுதான்.

மாடியிலிருந்தே தொடங்குகிறேன். உன் ஊரில் நின்று பார்த்தால், சன் டைரக்டும் டி.டி. ஃப்ரீ டிஷ்ஷும் வரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் (93.5 டிகிரி கிழக்கு) ஏறக்குறைய நேர் தென்கிழக்கில், அடிவானத்திலிருந்து 68 டிகிரி உயரத்தில் இருக்கிறது. டாடா பிளேவுக்கான 83 டிகிரி இடம் தெற்கிலிருந்து கொஞ்சம் கிழக்கே தள்ளி, 75 டிகிரி உயரத்தில். ஏர்டெல்லின் 108.2 டிகிரி நன்றாகக் கிழக்கே சாய்ந்து, 54 டிகிரியில். நம் டிஷ் ஆஃப்செட் வகை என்பதால் அதன் முகம் இந்த உயரத்தைப் பார்ப்பதாகக் கண்ணுக்குத் தெரியாது, இருபது டிகிரிக்கு மேல் தாழ்ந்தே தெரியும். அதனால் கண்ணை நம்பாதே. பிராக்கெட்டில் அச்சடித்திருக்கும் அளவையும் மீட்டரையும் நம்பு. போன் காம்பஸை இரும்புக் கம்பிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது பொய் சொல்லும். நாலடி தள்ளி நின்று பார்.

வஜ்ரகிரி மலை மறைக்காதா என்று வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். மலையடியில் ஒட்டிக் கட்டிய வீடாக இல்லாவிட்டால் மறைக்காது, சிக்னல் அவ்வளவு உயரத்திலிருந்து இறங்குகிறது. தொல்லை கொடுப்பது தென்னை. அதிலும் ஏர்டெல் டிஷ்ஷுக்கு, அது தாழ்ந்து பார்ப்பதால் தொல்லை அதிகம். இன்று ஆள் உயரத்தில் நிற்கும் கன்று சில வருஷத்தில் ஓலையை விரித்துக் குறுக்கே நிற்கும். காற்றில் ஓலை ஆட ஆடப் படம் விட்டு விட்டு வரும். வீட்டுக்காரர் பாக்ஸைக் குறை சொல்லுவார். மாட்டும்போதே மரம் எந்தப் பக்கம் வளரும் என்று பார்த்து இடம் தேர்ந்தெடு.

இதற்கு ஒரு வழி சொல்லித் தருகிறேன், மீட்டர்கூட வேண்டாம். மார்ச் 15 வாக்கிலும் செப்டம்பர் 28 வாக்கிலும், காலை பதினோரு மணியை ஒட்டி, உன் ஊரிலிருந்து பார்த்தால் சூரியன் அந்த 93.5 டிகிரி செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். அந்த நேரத்தில் நீ டிஷ் வைக்க நினைக்கும் இடத்தில் வெயில் விழுந்தால் செயற்கைக்கோளுக்கும் அந்த இடம் திறந்திருக்கிறது என்று அர்த்தம். மர நிழலோ தண்ணீர்த் தொட்டியின் நிழலோ விழுந்தால் இடத்தை மாற்று. அதே நாட்களில் அதே நேரத்தில் சில நிமிஷம் படம் தடுமாறும். சூரியனின் சொந்த இரைச்சல் செயற்கைக்கோளின் சன்னமான சிக்னலை மூழ்கடித்துவிடும். "நோ சிக்னல்" என்று போன் வந்தால், கொஞ்ச நேரம் பொறுங்கள், தானே சரியாகிவிடும் என்று சொல். மாடி ஏறி நல்ல டிஷ்ஷை அசைத்துவிடாதே.

அசைப்பது என்றால் எவ்வளவு என்று உனக்குக் கணக்குத் தெரிய வேண்டும். 2010 ஜூலையில் இன்சாட்-4பி செயற்கைக்கோளில் மின்சாரக் கோளாறு ஏற்பட்டது. அதன் டிரான்ஸ்பாண்டர்களில் பாதியை அணைத்துவிட்டார்கள். அதை நம்பியிருந்த சன் டைரக்ட், மலேசியாவின் மீசாட்-3க்கு மாற வேண்டியதாயிற்று. 93.5 டிகிரியிலிருந்து 91.5 டிகிரிக்கு. கேட்கும்போது ஒன்றுமே இல்லை, இரண்டே டிகிரி. ஆனால் அதற்காகத் தமிழ்நாடு முழுக்க டிஷ் டிஷ்ஷாகத் திருப்ப வேண்டியிருந்தது. 60 சென்டிமீட்டர் டிஷ்ஷில் அந்த மாற்றம், ஒரு விளிம்பு மறு விளிம்பைவிட இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் நகர்வதுதான். விளிம்பில் ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு. இதைத் தெரிந்துகொண்டவன் நட்டை முறுக்கும்போது ஸ்பானரை ஒரே இழுப்பாக இழுக்க மாட்டான். நட்டு இறுகும்போதும் டிஷ் நகரும். எதிரெதிர் நட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி இறுக்கு. இறுக்கி முடித்த பிறகு மீட்டரை மறுபடி பார். அந்தக் கடைசிப் பார்வையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

மீட்டரில் ஸ்ட்ரெங்த் வேறு, குவாலிட்டி வேறு. ஸ்ட்ரெங்த் ஏறி குவாலிட்டி பூஜ்யமாக நின்றால் நீ பக்கத்துச் செயற்கைக்கோளைப் பிடித்திருக்கலாம், அல்லது டிஷ்ஷின் முன்னால் நீட்டியிருக்கும் சிக்னல் வாங்கியான எல்.என்.பி.யின் சாய்வு தப்பாக இருக்கலாம். எல்.என்.பி.யை அதன் பிடிக்குள் மெதுவாகத் திருகி, குவாலிட்டி உச்சத்துக்கு வரும் இடத்தில் நிறுத்து. நம் தென்பகுதியில் இந்தத் திருகல் மிக முக்கியம். செயற்கைக்கோள் நமக்கு நேர் தெற்கிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவு சாய்வு வேண்டும். "பாதி சேனல் வருது, பாதி வரலை" என்று சொன்னால் பெரும்பாலும் நோய் கேபிளில். பாக்ஸ் 13 வோல்ட் அனுப்பினால் ஒரு பாதிச் சேனல்கள், 18 வோல்ட் அனுப்பினால் மறு பாதி. நடுவில் ஒட்டுப்போட்ட கேபிளும் துருப்பிடித்த கனெக்டரும் அந்த 18 வோல்ட்டைத் தின்றுவிடும். எஃப்-கனெக்டர் போடும்போது பின்னல் வலையின் ஒரு இழைகூட நடுக்கம்பியைத் தொடக் கூடாது. கனெக்டரை ஏற்றுமுன் வெளிச்சத்தில் திருப்பிப் பார்.

நீ ஊருக்குள்ளேயே இருக்கப்போவதில்லை. கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம், மாமல்லபுரம் என்று கடற்கரை வேலையும் வரும். அங்கே உப்புக்காற்று. செய்யூர்ப் பக்கத்து உப்பளக் காற்றும் அப்படித்தான். அச்சரப்பாக்கத்தில் பல வருஷம் தாங்கும் கிளாம்ப் அங்கே சீக்கிரமே செதிலாக உதிரும். நட்டுக்குக் கிரீஸ், கனெக்டருக்கு இறுக்கமான டேப், கேபிள் எல்.என்.பி.யிலிருந்து இறங்கும் இடத்தில் ஒரு தொங்கல் வளைவு. மழைத்தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், கனெக்டருக்குள் போகாது. எல்.என்.பி.யின் பிளாஸ்டிக் மூடி வெயிலில் விரிசல் விட்டிருந்தால் உடனே மாற்று. குளவி அதற்குள் கூடு கட்டும், தண்ணீரும் இறங்கும். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தையொட்டித்தான் கரையைக் கடந்தது. செங்கல் அடுக்கி அதன்மேல் நிறுத்திய டிஷ் எதுவும் அந்த மாதிரிக் காற்றுக்கு நிற்காது. சுவரில் துளையிட்டு ஆங்கர் போல்ட் போடு. "புதுச் சுவரில் ஓட்டை போடாதே தம்பி" என்று வீட்டம்மா சொல்வார். பொறுமையாக விளக்கு. மின்னல் வெட்டும்போது மட்டும், எந்தக் கிரிக்கெட் மேட்ச் ஓடினாலும், எவர் கூப்பிட்டாலும் மாடி ஏறாதே.

இனி ஹால். இங்கேதான் நீ உட்கார வேண்டும். அவர்கள் தரும் மோரைக் குடித்துவிட்டு, நிதானமாக உட்கார்.

முதலில் டி.வி.யின் பின்னால் பார். மஞ்சள், சிவப்பு, வெள்ளை என மூன்று முனை ஏ.வி. கேபிள் செருகியிருந்தால் அந்த வீட்டில் எச்.டி. இல்லை. பாக்ஸ் எச்.டி.யாக இருக்கலாம், டி.வி. ஃபுல் எச்.டி.யாக இருக்கலாம், மாதச் சந்தாவும் எச்.டி.க்குப் போகலாம். ஆனால் அந்த மஞ்சள் முனை வழியாகப் பழைய 576 வரிப் படம்தான் போகும். எச்.டி.எம்.ஐ. கேபிளை மாட்டு. அதற்காக விலை உயர்ந்த கேபிளை அவர்கள் தலையில் கட்டாதே. இந்த நீளத்துக்குச் சாதாரணக் கேபிள் தரும் படமும் தங்கமுலாம் பூசிய கேபிள் தரும் படமும் ஒன்றேதான்.

அடுத்து சேனல் எண். சன் டி.வி. எச்.டி. 2011-லேயே வந்துவிட்டது. இருந்தும் பழைய எண்ணே விரலுக்குப் பழகியிருப்பதால், காசு கட்டிவிட்டுச் சாதா சேனலையே பார்க்கிறவர்கள் ஏராளம். 2019-ல் நடைமுறைக்கு வந்த டிராய் ஆணையத்தின் கட்டண முறைக்குப் பிறகு எச்.டி. சேனலைத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. அவர்கள் பேக்கில் எது இருக்கிறது என்று பார்த்து, பிடித்த சேனல்களை ஃபேவரிட்டில் போட்டுக் கொடு. ரிமோட்டை வீட்டுப் பாட்டி கையில் கொடுத்து அவரையே அழுத்தச் சொல். பகல் முழுக்க டி.வி. பார்க்கப்போவது அவர்தான்.

பிறகு பாக்ஸின் செட்டிங்கில் வெளியீட்டைப் பார். 576-ல் நின்றிருந்தால் 1080-க்கு மாற்று. நம் எச்.டி. சேனல்கள் பெரும்பாலும் 1080ஐ முறையில் வருகின்றன. ஒற்றை வரிகள் ஒரு தரம், இரட்டை வரிகள் மறு தரம். அதைச் சேர்த்துக் கோக்கும் வேலையைச் சில வீடுகளில் பாக்ஸ் நன்றாகச் செய்யும், சில வீடுகளில் டி.வி. நன்றாகச் செய்யும். எது என்று அறிய ஒரு செய்திச் சேனலை வை. அடியில் ஓடும் எழுத்துகளையே பார். 'ழ'வின் வளைவும் 'ணி'யின் கொக்கியும் ஓடும்போது ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி தெரிந்தால் செட்டிங்கை மாற்றிப் பார். வளைவு வழவழவென்று ஓடும் இடமே சரியான இடம். அந்த எழுத்தின் அடிப்பாகம் திரைக்கு வெளியே வெட்டுப்பட்டிருந்தால் டி.வி. படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி விளிம்பைத் தள்ளுகிறது. ஜஸ்ட் ஸ்கேன், ஸ்க்ரீன் ஃபிட் என்று கம்பெனிக்கு ஒரு பெயரில் அதற்கான வசதி இருக்கும், அதைப் போடு. படம் உடனே ஒரு படி கூர்மையாகும்.

நிறத்துக்கு வா. கடையிலிருந்து வரும் டி.வி. விவிட் அல்லது டைனமிக் மோடில் இருக்கும். ஷோரூம் விளக்குகளுக்கு நடுவே பளிச்சென்று தெரிய அப்படி வைத்திருப்பார்கள். வீட்டில் அது கண்ணைக் கூசவைக்கும். ஸ்டாண்டர்ட் அல்லது சினிமா மோடுக்கு மாற்று. ஷார்ப்னஸை நன்றாகக் குறை. ஷார்ப்னஸ் கூடினால் விவரம் கூடாது, ஒவ்வொரு எழுத்துக்கும் முகத்துக்கும் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு வரும், அவ்வளவுதான். செய்தி வாசிப்பவரின் முகம், புடவைச் சரிகை, கிரிக்கெட் மைதானத்துப் புல் மூன்றையும் பார்த்து வண்ணத்தை இறக்கு. புல் பெயின்ட் அடித்த பச்சையாகத் தெரியக் கூடாது. நம் வீட்டு மாநிறம் மாநிறமாகவே தெரிய வேண்டும். "என்னப்பா, டல் ஆக்கிட்ட?" என்பார்கள். ஒரு வாரம் பாருங்கள், பிடிக்கவில்லை என்றால் வந்து மாற்றித் தருகிறேன் என்று சொல். சொன்னால் போய்ச் செய்.

பழைய கறுப்பு வெள்ளைப் படத்துக்கு இருபுறமும் கறுப்புப் பட்டை வரும். அதை இழுத்து நிரப்பினால் சிவாஜியின் முகம் பரங்கிக்காய் ஆகிவிடும். பட்டை இருப்பதே சரி என்று விளக்கு. அதற்கு மேல் வீட்டுக்காரர் விருப்பம்.

எது நம் கையில் இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடு. சாதா சேனல் 55 அங்குல டி.வி.யில் மங்கலாகத்தான் தெரியும்; எந்த டிஷ்ஷும் எந்த டெக்னீஷியனும் அதை எச்.டி. ஆக்க முடியாது. ஒரே டிரான்ஸ்பாண்டரில் பல சேனல்களை நெருக்கி அனுப்பும்போது வேகமான காட்சிகளில் படம் குழையும். அதுவும் மேலிருந்தே வருவது. 43 அங்குல டி.வி.யில் எச்.டி.யின் முழு விவரமும் தெரிய ஐந்தரை அடி தூரத்தில் உட்கார வேண்டும். பன்னிரண்டு அடி தள்ளி உட்கார்ந்தால் எச்.டி.க்கும் சாதாவுக்கும் வித்தியாசம் குறைவாகத்தான் தெரியும். இதைச் சொன்னதால் ஒரு பேக் விற்காமல் போகலாம். போகட்டும். அந்தத் தெருவில் அடுத்த டிஷ்ஷுக்கு உன்னைத்தான் கூப்பிடுவார்கள்.

உன்னிடம் ஒரு வேண்டுகோள். ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன், நீ மாட்டிய டிஷ்களில் கடற்கரைப் பக்கம் இருப்பவற்றையாவது ஒரு தரம் போய்ப் பார். நட்டை இறுக்கி, டேப்பை மாற்றி, மீட்டரில் குவாலிட்டியைப் பார்த்துவிட்டு வா. அதற்குக் காசு வாங்காதே.

அன்புடன்,
உன் அண்ணன்